பெட்டியைத் திறங்க, மாவு பொங்கும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. எந்த டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டைப் பார்த்தாலும் பாதித் தலைப்பு "ஸ்மார்ட்" என்றுதான் ஆரம்பிக்கிறது. ஸ்மார்ட் டஸ்ட்பின், ஸ்மார்ட் ஹெல்மெட், ஸ்மார்ட் இரிகேஷன். வைவா முடிந்த மறுநாள் இதெல்லாம் எங்கே போகுது? லேப் பீரோ மேல்தட்டுக்கு. அடுத்த வருஷம் அதே தலைப்பை ஜூனியர் ஒருத்தர் தூசி தட்டி எடுப்பார், இல்லைன்னா ப்ராஜெக்ட் சென்டருக்குப் பணம் கட்டி புதுசா வாங்குவார்.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். புதுசா இன்னொரு ஸ்மார்ட் பெட்டி செய்வதை விட, சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிற சாதாரண டெம்பரேச்சர் கன்ட்ரோலரைத் திறந்து, ஒரு குறிப்பிட்ட மனிதரின் ஒரு குறிப்பிட்ட தேவைக்கு ஏத்த மாதிரி மாற்றிக் கொடுப்பது மேலான பொறியியல். அந்த மனிதர்கள் நமக்குப் பக்கத்திலேயே, ஜவ்வாது மலை மேலே இருக்கிறார்கள்.

ஆனால் இந்த வேலையை முதலில் செய்து காட்டியவர்கள் நம்ம ஆட்கள் இல்லை. வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள்.

பீர்காரர்கள் என்ன செய்தார்கள்?

சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு. எஸ்.டி.சி-1000 என்று ஒரு கன்ட்ரோலர். சீனத் தயாரிப்பு, உள்ளங்கை அகலம். முன்னால் சிவப்பு எழுத்து டிஸ்ப்ளே, பின்னால் ஸ்க்ரூ டெர்மினல். இரண்டு ரிலே: ஒன்று சூடாக்க, ஒன்று குளிர்விக்க. சென்சார் ஒரு 10 கிலோ ஓம் என்.டி.சி. தெர்மிஸ்டர். செட்டிங் மொத்தமே நாலு: எவ்வளவு டிகிரி வேணும், எவ்வளவு டிகிரி விலகினால் ரிலே மாறணும், கம்ப்ரஸர் மறுபடி ஓட எத்தனை நிமிஷம் பொறுக்கணும், சென்சார் பிழையை எவ்வளவு திருத்தணும். அவ்வளவுதான். மீன் தொட்டிக்கும் ஃப்ரீசருக்கும் இது போதும்.

பீருக்குப் போதாது. ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிடும்போது தானே சூட்டைக் கிளப்பும். அறை 20 டிகிரியில் இருந்தாலும் பாத்திரத்துக்குள் அதைவிட ஒன்றிரண்டு டிகிரி, சில சமயம் இன்னும் அதிகமாகவே ஏறிவிடும். அதோடு முதல் சில நாள் ஒரு வெப்பம், கடைசியில் கொஞ்சம் கூட்டிய வெப்பம், முடிந்ததும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கணும். அதாவது செட்பாயின்ட் ஒரே எண்ணாக இருந்தால் ஆகாது, நாளுக்கு நாள் நகரணும். கம்பெனி கொடுத்த ப்ரோக்ராமில் அதற்கு வழியே இல்லை.

அதனால் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது பிக்16எஃப்1828 என்ற மைக்ரோகன்ட்ரோலர். கம்பெனி ப்ரோக்ராமைப் படிக்க முடியாதபடி பூட்டு. பூட்டை எடுத்தால் பழைய ப்ரோக்ராம் அழிந்தே போகும். சரி, அழியட்டும் என்று போர்டில் எந்த பின் எந்த ரிலேயை ஓட்டுது, எந்த பின் எந்த எல்.இ.டி. செக்மென்ட்டை எரிக்குது என்று தடம் தடமாகப் பார்த்து, முழுப் ப்ரோக்ராமையும் புதுசா எழுதினார்கள். அதற்குப் பெயர் எஸ்.டி.சி-1000 பிளஸ். புதிய ப்ரோக்ராமை ஏற்றுவதற்குத் தனி கருவி வேண்டாம், ஒரு ஆர்டுயினோ ஊனோ போதும். ஆறு ப்ரொஃபைல், ஒவ்வொன்றிலும் பத்து செட்பாயின்ட் வரை வைக்கலாம். பிறகு அதே பெட்டி எஸ்.டி.எம்8 சிப்போடு வர ஆரம்பித்ததும், வேறொருவர் அதற்கும் எழுதினார். எல்லாம் திறந்த மூலம். யார் வேணும்னாலும் படிக்கலாம்.

இதில் நான் ரசிப்பது ஒன்று. இவர்களில் நிறையப் பேருக்கு எம்பெடட் சிஸ்டம் என்பது செமஸ்டர் பாடம் கிடையாது. தங்கள் பாத்திரத்தில் இருக்கும் பண்டம் கெட்டுப்போகக் கூடாது என்ற அக்கறைதான் கற்றுக்கொடுத்தது. நமக்குப் பாடம் இருக்கு, லேப் இருக்கு, இன்டெர்னல் மார்க் இருக்கு. பாத்திரம்தான் இல்லை.

பீர் வேண்டாம், பாத்திரம் வேணும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஹாஸ்டல் ரூமில் யாரும் வாளியைத் தேட வேண்டாம். வீட்டில் பீர் காய்ச்சுவதை பிரிட்டனில் 1963-இலும் அமெரிக்காவில் 1978-இலும் சட்டப்படி எளிதாக்கிவிட்டார்கள். நம்ம ஊரில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கு. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஜவ்வாது மலை என்றாலே "ஊறல் அழிப்பு" என்று நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி வரும், பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு செய்தியாலேயே மலைக்காரர்கள் என்றால் சாராயம் என்று நினைக்கிறவர்கள் கீழே நிறைய.

ஆனால் ஊற வைப்பதும் புளிக்க வைப்பதும் சாராயத்துக்கு மட்டும் சொந்தமா? இட்லி மாவு, தோசை மாவு, கூழ், தயிர் எல்லாமே அதே அறிவியல்தான். நுண்ணுயிருக்குச் சரியான சூட்டையும் சரியான நேரத்தையும் கொடுத்தால் அது வேலை செய்யும். இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முக்கியமான ஆள் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. அது விடும் கரியமில வாயுதான் மாவைத் தூக்குகிறது. 30 டிகிரியை ஒட்டி வைத்தால் ஒரு ராத்திரியில் மாவு தயார். வெப்பம் ரொம்பக் குறைந்தால் காலையிலும் மாவு கல்லு மாதிரி கிடக்கும். ரொம்பக் கூடினால் புளிப்பு முந்திக்கொள்ளும், பொங்கல் பின்தங்கும்.

இப்போது மலைக்கு வாங்க. ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கு. ஜமுனாமரத்தூர்தான் மையமான ஊர். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடி மக்கள். சாமை அவர்களுடைய முக்கியப் பயிர். சாமையைத் தானியமாக மூட்டை கட்டிக் கீழே அனுப்பினால் ஒரு விலை. அதையே அரிசியாக்கி, உளுந்தோடு ஆட்டி, இட்லி மாவாகவோ தோசை மாவாகவோ விற்றால் வேறு விலை. அந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் காசு யார் கைக்குப் போகணும்? விளைய வைத்தவர் கைக்குத்தானே?

மாவு வியாபாரத்துக்கு கிரைண்டர் வாங்கிவிடலாம். மார்கழி, தை மாதக் குளிரைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்கு ஆட்டினால் பிரச்சினை இல்லை. பாத்திரத்தை அடுப்பு ஓரத்தில் வைப்பார்கள், துணி சுற்றி வைப்பார்கள், பொங்கவில்லை என்றால் இட்லிக்குப் பதில் தோசை. கடைக்குக் கொடுக்கும்போது அப்படிச் சொல்ல முடியுமா? தினமும் ஒரே மாதிரி இருந்தால்தான் அடுத்த நாள் ஆர்டர் வரும். அந்த "தினமும் ஒரே மாதிரி"க்குத்தான் கன்ட்ரோலர்.

எதை மாற்றணும்?

இதற்கு எஸ்.டி.சி-1000 கூட வேண்டாம். அதைவிட விலை குறைந்த டபிள்யூ1209 போர்டு போதும். ஒரு ரிலே, மூணு பட்டன், மூணு இலக்க டிஸ்ப்ளே, 12 வோல்ட்டில் ஓடும். தெர்மோகோல் பெட்டியில் முட்டை பொரிக்க வைப்பவர்கள் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நிறைய போர்டுகளில் எஸ்.டி.எம்8எஸ்003 சிப் இருக்கும். 8 கிலோபைட் ஃபிளாஷ், 128 பைட் ஈப்ராம். சில புது போர்டுகளில் வேறு கம்பெனி சிப் வருகிறது, அதனால் ஐ.சி. மேல் இருக்கும் எண்ணைப் படிச்சுட்டு வாங்கணும். எஸ்.டி.சி.சி. என்ற இலவச கம்பைலரும் ஒரு எஸ்.டி.-லிங்க் ப்ரோக்ராமரும் இருந்தால் நம்ம கோடை ஏற்றிவிடலாம். இதிலும் பழைய ப்ரோக்ராம் அழியும், திரும்ப வராது. அதனால் இரண்டு போர்டு வாங்குங்க.

மாற்றம் ஒன்று: நேரம். பீர்காரர்களின் ப்ரொஃபைல் நமக்கு அப்படியே பொருந்துகிறது. சாயங்காலம் 6 மணிக்கு மாவு ஆட்டி வைத்தால், காலை 5 மணிக்குப் பொங்கி நிற்கணும்; ராத்திரி 2 மணிக்கே பொங்கினால் விடியும்போது புளித்துவிடும். எனவே 9 மணி வரை ஹீட்டரை ஓட்டாமல் சும்மா வை, 9 முதல் 5 வரை 30 டிகிரியில் பிடி, பிறகு ஹீட்டரை நிறுத்திவிட்டுக் குரல் கொடு. மலைக் குளிரே குளிர்விக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். கீழே நம்ம ஊரில் இது நடக்காது. நமக்குப் பிரச்சினையாகத் தெரிந்த குளிர் இங்கே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மாற்றம் இரண்டு: கரண்ட் கட். கரண்ட் போய் வந்தால் கன்ட்ரோலர் மறுபடி முதலில் இருந்து எண்ணக் கூடாது. கடந்த நேரத்தை ஈப்ராமில் எழுதி வைக்கலாம். அதுவும் சும்மா இல்லை. இந்த சிப்பின் ஈப்ராம் ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில் எழுதினால் ஒரு நாளைக்கு 1,440 முறை. 70 நாளில் கணக்கு முடிஞ்சுது. 15 நிமிஷத்துக்கு ஒரு முறை என்றால் கிட்டத்தட்ட மூணு வருஷம் வரும். இடத்தை மாற்றி மாற்றி எழுதினால் இன்னும் பல வருஷம். இதைவிட எளிய வழியும் இருக்கு: போர்டு 12 வோல்ட்டில் ஓடுவதால், ஒரு சின்ன பேட்டரி அதன் கடிகாரத்தை மட்டும் உயிரோடு வைத்திருக்கலாம். ஹீட்டருக்கு பேட்டரி வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரு பேப்பர், ஒரு பேனா

தெர்மோகோல் பெட்டி, 40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம், சுவர் 2.5 செ.மீ. மொத்தப் பரப்பு 0.66 சதுர மீட்டர். தெர்மோகோலின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.035. பெருக்கி வகுத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 0.9 வாட் வெளியே போகும். வெளியே 15 டிகிரி, உள்ளே 30 என்றால் 14 வாட் இழப்பு. ஆக 25 வாட் ஹீட்டர் தாராளம்.

உள்ளே 5 கிலோ மாவு இருக்கட்டும். 30 டிகிரியில் இருக்கும்போது இரண்டு மணி நேரம் கரண்ட் போனால்? மாவின் வெப்பக் கொள்ளளவை வைத்துப் பார்த்தால் நாலைந்து டிகிரிதான் குறையும். மாவே ஒரு வெப்ப பேட்டரி. அதே மாவை 20-இல் இருந்து 30-க்கு ஏற்ற இந்த ஹீட்டருக்குச் சுமார் மூணு மணி நேரம் ஆகும். அது நீளம் என்று தோன்றினால் ஹீட்டரைப் பெரிசாக்காதீங்க; ஆட்டும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்லுங்க. அது நம்ம பாட்டிகளுக்கு ஏற்கெனவே தெரிந்த வைத்தியம்தான்.

மாற்றம் மூன்று இதில் இருந்துதான் வருகிறது: பழுதானால் என்ன ஆகும்? மலிவான ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்காமல் எரியும். நம்ம கோட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்போது உதவாது. 25 வாட் ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் பெட்டி வெளிச் சூட்டைவிட 27 டிகிரிக்கு மேல் போகும். கணக்கில் விட்ட காற்றுப் படலத்தையும் சேர்த்தால் 33 வரை. பகலில் வெளியே 28 என்றால் உள்ளே 60 சொச்சம். மாவு வீண், ஆனால் வீடு பத்திரம். அதே பெட்டியில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டிருந்தால் நூறு டிகிரியைத் தாண்டும். தெர்மோகோல் உருகித் தீ பிடிக்கக்கூட வாய்ப்பு இருக்கு. எனவே முதல் பாதுகாப்பு ஹீட்டரைச் சின்னதாகத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, வயரில் ஒரு தெர்மல் ஃபியூஸ். மூன்றாவது, ஹீட்டரும் 12 வோல்ட்டாக இருப்பது. டபிள்யூ1209 ரிலே மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஈரக்கை படும் இடத்தில் 230 வோல்ட்டைக் கொண்டுபோகாதீங்க. அது மூடியில்லாத திறந்த போர்டு.

சென்சாரை மாவுக்குள் முக்கவும் வேண்டாம். பாத்திரத்தின் வெளிச்சுவரில் ஒட்டி, மேலே ஒரு தெர்மோகோல் துண்டை வைத்து மூடினால் காற்றின் சூடு தாக்காமல் மாவின் சூட்டை ஓரளவு சரியாகக் காட்டும். பீர் பாத்திரத்துக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். உணவில் எதுவும் படாது, கழுவுவதும் சுலபம்.

"இது ரொம்பச் சின்ன ப்ராஜெக்ட் சார்"

இப்படித்தான் ரிவ்யூவில் சொல்வார்கள் என்று தெரியும். சின்னதா? தெர்மிஸ்டர் வளைவை நேர்ப்படுத்தணும், ஹிஸ்டெரிசிஸ் தேர்ந்தெடுக்கணும், ஈப்ராம் ஆயுளைக் கணக்கிடணும், வெப்ப மாடல் போடணும், பழுது ஆய்வு செய்யணும். இ.சி.இ., ட்ரிபிள் ஈ, மெக்கானிக்கல், பயோடெக் நாலு டிபார்ட்மென்ட்டும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய வேலை இது. பெட்டிதான் சின்னது.

"இ.எஸ்.பி.32 போட்டு ஆப் எழுதினால் ஈஸியாச்சே?" நம்ம லேபில் சோதிக்கும்போது வெப்ப அளவைப் பதிவு செய்ய இ.எஸ்.பி.32 அருமையான கருவி, மறுக்கலை. ஆனால் கையில் மாவோடு இருக்கும் அக்கா, போனை எடுத்து, சிக்னல் தேடி, ஆப்பைத் திறந்து, அப்டேட் கேட்டால் ஓகே கொடுத்து... வேண்டாமே. ஒரு பட்டன், ஒரு சிவப்பு எண், வேலை முடிந்தால் ஒரு சத்தம். போதும். பட்டனும் எண்ணும் ஏற்கெனவே அந்த மலிவுப் போர்டில் ரெடியாக இருக்கு.

மூன்றாவது கேள்விதான் நியாயமானது. "அவங்க கேட்டாங்களா?" இன்னும் கேட்கவில்லை. அதனால் நம்ம முதல் ரிவ்யூ கல்லூரியில் நடக்கக் கூடாது, மலையில் நடக்கணும். வேலூர், திருப்பத்தூர், போளூர் பக்கத்து நண்பர்களுக்கு அது ஒரு பஸ் தூரம். அங்கே மாவு ஆட்டுகிறவர்களிடம் போய், "குளிர் காலத்தில் என்ன செய்றீங்க அக்கா?" என்று கேட்டுவிட்டு வாங்க. "மாவு பிரச்சினையே இல்லப்பா, குஞ்சு பொரிக்கத்தான் பெட்டி வேணும்" என்று சொன்னால் அதையே செய்யுங்க. அதே போர்டு, 37.5 டிகிரி, 21 நாள். கோடில் சில வரி மாறும். "எதுவும் வேண்டாம்" என்று சொன்னால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்க. தேவையில்லாத கருவியைச் செய்யாமல் விட்டதும் ஒரு நல்ல பொறியியல் முடிவுதான்.

இந்த மலைக்குக் கருவி செய்கிற சரித்திரம் ஒன்றும் புதிதில்லை. காவலூர் வான் ஆய்வகம் 1968-இல் தொடங்கியபோது அங்கே இருந்தது நம்மவர்களே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி. 1972-இல் வெளிநாட்டில் இருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதோடு நிற்காமல், 2.3 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்து 1986-இல் அதே வளாகத்தில் நிறுவினார்கள். இன்று அது வைணு பாப்பு பெயரைத் தாங்கி நிற்கிறது. நட்சத்திரத்தைப் பார்க்க இவ்வளவு செய்த மலையில், அதே வளாகத்துக்கு வெளியே ஒரு சமையல்கட்டில் இருக்கும் மாவுப் பாத்திரத்தைப் பார்க்க நமக்கு என்ன தடை?

ஆகவே கைடுகளுக்கும் எச்.ஓ.டி.களுக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த ப்ராஜெக்ட் பட்டியலில், ஏற்கெனவே விற்கிற பொருளைத் திறந்து மாற்றும் வேலைக்கும் இடம் கொடுங்க. "நாவல்ட்டி" கட்டத்தில் பூஜ்யம் போடாதீங்க. மதிப்பெண்ணில் ஒரு பங்கை, ஒப்படைத்து ஆறு மாதம் கழித்தும் பெட்டி ஓடுகிறதா என்று பார்த்துப் போடுங்க. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் சர்க்யூட் படத்தைத் தமிழில் எழுதி ஒட்டுங்க, கோடைத் திறந்த மூலமாக வெளியிடுங்க. நீங்கள் பாஸாகிப் போன பிறகு ரிலே போனால், ஜமுனாமரத்தூர் ரேடியோ மெக்கானிக் ஒருத்தர் அதைப் பார்த்து மாற்றிப்போட முடியணும்.

அடுத்த வாரம் லேபில் டபிள்யூ1209 போர்டு இரண்டு வாங்கி வைக்கப் போகிறோம். ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறவர்கள் வரலாம்.